அசையாத குரல் நாணுக்கு ஒரு முழுக் குரல் மதிப்பீடு: போய் வந்தவளின் கருத்து

குரல் நாண், அதாவது தொண்டைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகளில் ஒன்று, செயலிழந்தவர்கள் முழுக் குரல் மதிப்பீட்டுக்கு (கேள்வித்தாள், காது, மூச்சு, கணினி என்று எல்லா வழியிலும் குரலை அளந்து பார்ப்பதற்கு) போகலாமா என்று கேட்டால், கட்டாயம் போங்கள் என்பேன். ஆனால் காலையில் முதல் ஆளாகப் போகாதீர்கள். பாதி நாள் பேசி முடித்து, தொண்டை ஓய்ந்துபோகும் நேரமாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். இந்தச் சேவையில் எனக்குள்ள பெரிய குறையே அதுதான். மற்றதெல்லாம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்வது என் வேலை. தைராய்டு அறுவைக்குப் பிறகு என் இடது குரல் நாண் அசைவதில்லை. குரலில் பாதி வெறும் காற்று. "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று எதிர்முனையில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நான் இங்கே பேசிக்கொண்டேதான் இருப்பேன். முதலில் காட்டிய இடத்தில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, "ஒரு நாண் அசையலை, போகப் போக சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கண்டுபிடித்தது சரிதான். எவ்வளவு கெட்டிருக்கிறது, அடுத்த மாதம் பார்த்தால் கூடியதா குறைந்ததா என்று எதை வைத்துச் சொல்வது, இதற்கெல்லாம் அங்கே பதில் இல்லை. அந்தப் பதிலுக்காகத்தான் குரலுக்கென்றே இருக்கும் ஒரு சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். இ.என்.டி. மருத்துவரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் ஒரே அறையில் சேர்ந்து பார்க்கிறார்கள். இதுவே பெரிய வசதி. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் நாம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் பேச முடியாத தொண்டையோடு.

ஏன் இடது நாண் என்று கேட்டேன். படம் போட்டுக் காட்டினார் மருத்துவர். குரல் நாணை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேரே குரல்வளைக்கு வருவதில்லை. மார்புக்குள் இறங்கி, திரும்பி மேலே ஏறுகிறது. வலப்பக்க நரம்பு தோள் பக்கம் போகும் ரத்தக்குழாயைச் சுற்றித் திரும்பிவிடும். இடப்பக்கத்தது இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவு வரை போய்த் திரும்புகிறது. பாதை நீளம் என்பதால் இடப்பக்கம் அடிபடுவது அதிகம். நுரையீரலில் கட்டி, இதய அறுவை என்று மார்புக்குள் எது நடந்தாலும் அந்த நரம்பு மாட்டிக்கொள்ளலாம். தைராய்டு அறுவையில் இரண்டு பக்கத்துக்குமே ஆபத்து உண்டு, நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுவதால். காரணமே தெரியாமல் செயலிழப்பதும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு மண்டையோட்டின் அடியிலிருந்து மார்பு வரை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்களாம்.

அடுத்து அவர்கள் கேட்டது குரலைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. குடிக்கும்போது புரையேறுகிறதா, இருமினால் இருமல் வலுவாக வருகிறதா, மாடி ஏறிக்கொண்டே பேச முடிகிறதா. நாண்கள் மூடாவிட்டால் குரல் மட்டுமல்ல, மூச்சுக்குழாயின் காவலும் போய்விடுகிறது. திடமான உணவைவிடத் தண்ணீர்தான் முதலில் தவறிப் போகும். எனக்குப் புரையேறுவது உண்டு. ஆனால் அதைக் குரலோடு சேர்த்து யோசித்ததே இல்லை. செயலிழந்த பக்கமாகத் தலையைத் திருப்பி விழுங்கிப் பார்க்கச் சொன்னார் தெரபிஸ்ட். அங்கேயே வித்தியாசம் தெரிந்தது. இந்த ஒன்றுக்காகவே போயிருக்கலாம்.

பிறகு வி.எச்.ஐ.-10 என்ற கேள்வித்தாள். 1997-இல் வந்த 30 கேள்விகள் கொண்ட குரல் பாதிப்புக் கேள்வித்தாளை 2004-இல் பத்துக் கேள்வியாகச் சுருக்கியது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. பதினொன்றுக்கு மேல் போனால் பாதிப்பு இருப்பதாகக் கொள்கிறார்கள். எனக்கு 29. சத்தமுள்ள இடத்தில் நான் பேசுவது புரிகிறதா, குரலால் வருமானம் குறைந்ததா, உரையாடலில் ஒதுக்கப்பட்டதுபோல உணர்கிறேனா என்று கேட்கிறது. நன்றாக யோசித்துச் செய்த தாள்தான். ஆனால் தொலைபேசி வேலைக்காரிக்கு அது போதவில்லை. அறைக்குள் முகம் பார்த்துப் பேசும்போது உதட்டசைவும் கையும் உதவுகின்றன. போனில் எதுவும் இல்லை. அதைவிட மோசம், இப்போதைய ஹெட்செட்டுகளில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதி. காற்றுக் கலந்த குரலை அது மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டிவிடுகிறது. என் கஷ்டத்தில் பாதி அதனால்தான் என்று சொன்னேன். தெரபிஸ்ட் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். எண்ணுக்குள் அடங்காததை எழுதிக்கொள்ளும் ஆள் கிடைப்பது பெரிய விஷயம்.

அடுத்தது காதால் கேட்டு மதிப்பெண் போடுவது. நான் நினைத்திருந்ததற்கு மாறாக, இதுதான் மொத்த மதிப்பீட்டின் அச்சாணி. கருவிகள் தரும் எண்கள்கூட, பழகிய காது சொல்வதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத்தான் தேறுகின்றன.

இரண்டு முறைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று ஜப்பானில் பிறந்த ஜி.ஆர்.பி.ஏ.எஸ். ஹிரானோ என்ற மருத்துவர் 1981-இல் எழுதிய நூல் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. மொத்தப் பாதிப்பு, கரகரப்பு, காற்றுக் கலப்பு, பலவீனம், இறுக்கம் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. இன்னொன்று கேப்-வி. அமெரிக்கப் பேச்சு, கேட்டல் வல்லுநர் சங்கத்தின் முயற்சியில் 2002-இல் கூடிப் பேசி உருவாக்கியது. இதில் படிநிலைக்குப் பதிலாக 100 மில்லிமீட்டர் நீளக் கோடு. கேட்பவர் அதில் ஓரிடத்தில் குறி போட வேண்டும். பலவீனம் இதில் தனியாக இல்லை. சுருதியும் சத்த அளவும் உண்டு.

"ஆ", "ஈ" இரண்டையும் நீட்டச் சொன்னார்கள். சில வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார்கள். அந்த வாக்கியங்கள் வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தவை. ஒன்றில் நாண்கள் இடைவிடாமல் அதிர வேண்டும், இன்னொன்றில் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களாக வந்து நாண்கள் மோதித் திறக்க வேண்டும், மற்றொன்றில் முழுக்க மூக்கொலி. எந்த இடத்தில் என் குரல் உடைகிறது என்று அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. எனக்கு உயிரெழுத்தில் தொடங்கும் வாக்கியம் ஒன்றில் முதல் எழுத்தே வெளியே வரவில்லை. கடைசியில் வேலையைப் பற்றி இயல்பாகப் பேசச் சொன்னார். "நல்லா பேச முயற்சி பண்ணாதீங்க, வீட்டில பேசற மாதிரி பேசுங்க" என்றார். சரியான அறிவுரை. மதிப்பிட யாராவது உட்கார்ந்திருந்தால் நாம் தன்னையறியாமல் கழுத்தை இறுக்கிக் கூடுதலாகக் குரல் எடுத்துவிடுவோம்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. தெரபிஸ்ட் ஒரு தாளிலும் மருத்துவர் இன்னொரு தாளிலும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் போட்டார்கள். மொத்தப் பாதிப்பு இருவருக்கும் 2. காற்றுக் கலப்பு இருவருக்கும் 3. இறுக்கத்தில் மட்டும் ஒருவர் 0, மற்றவர் 2. சராசரி எடுத்து 1 என்று போட்டு முடிக்கவில்லை. பதிவைத் திரும்ப ஓட்டிக் கேட்டார்கள். காற்று ஒழுகுவதைத் தடுக்க, குரல் நாண்களுக்கு மேலே உள்ள பொய் நாண்களை நான் நெருக்கிப் பேசுகிறேன் என்று தெரிந்தது. ஒரு கதவு நகராமல் நிற்கும்போது மற்ற கதவைப் பிடித்து அளவுக்கு மீறி இழுத்துச் சாத்துவதுபோல. சாயங்காலமானால் கழுத்து வலிப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பயிற்சியில் முதலில் விட வேண்டியது அந்த இறுக்கத்தை என்று சிகிச்சையின் திசையும் அங்கேயே முடிவானது. இருவர் கருத்து வேறுபடும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே ஆள் மட்டும் கேட்டு ஓர் எண்ணைப் போட்டுக் கொடுக்கும் இடமாக இருந்தால், இன்னொருவரையும் கேட்கச் சொல்லுங்கள்.

மூச்சுக் கணக்கு எளிமையானது, மலிவானது, ஆனால் கறாரானது. ஆழமாக மூச்சிழுத்து முடிந்த வரை "ஆ" சொல்ல வேண்டும். பாதிப்பில்லாத பெரியவர்கள் பெரும்பாலும் 15 வினாடியைத் தாண்டிவிடுவார்கள். 10-க்குக் கீழே வந்தால் நாண்கள் சேரவில்லை என்று சந்தேகிக்கிறார்கள். எனக்கு மூன்று முறையில் சிறந்தது 7. அடுத்து "ஸ்ஸ்" என்றும், அதே ஒலியை நாண் அதிர "ஸ்ஜ்" போலவும் நீட்டச் சொன்னார். முதலாவதற்கு நாண்கள் வேண்டாம், வெறும் மூச்சுதான். இரண்டாவதற்கு வேண்டும். நுரையீரலில் குறை என்றால் இரண்டுமே குறையும். நாணில் குறை என்றால் இரண்டாவது மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 1.4-க்கு மேல் வந்தால் பழுது நாணில் என்று கொள்ளும் வழக்கம் 1981-இலிருந்து இருக்கிறது. எனக்கு இரண்டைத் தொட்டது. முகமூடி வைத்து அளந்ததில் குரலோடு வெளியேறும் காற்றும் வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். போனில் பேசிப் பேசி மூச்சு வாங்குவதை உடம்பு பருமன், வயசு என்றெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டு மனம் நொந்திருந்தேன். காரணம் இந்த எண்ணில் இருந்தது.

கணினிப் பகுதிக்கு வருகிறேன். தலையில் மாட்டும் மைக், வாயிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, சற்றே பக்கவாட்டில். நேரே வைத்தால் என் மூச்சுக்காற்றே மைக்கில் மோதி எல்லா அளவையும் கெடுத்துவிடும். பதிவை ப்ராட் என்ற மென்பொருளில் திறந்தார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் போர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் உருவாக்கி இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் அது.

இணையத்தில் படித்துவிட்டுப் போயிருந்ததால் ஜிட்டர், ஷிம்மர் எண்களைக் கேட்டேன். ஓர் அதிர்வுக்கும் அடுத்த அதிர்வுக்கும் இடையே நேரத்திலும் வலுவிலும் உள்ள மாறுதல்தான் அவை. "உங்க குரலுக்கு அதை நான் தர மாட்டேன்" என்றார் தெரபிஸ்ட். மறுத்ததற்குக் காரணமும் சொன்னார். அந்தக் கணக்கு, ஓர் அதிர்வு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கணினியால் கண்டுபிடிக்க முடிந்தால்தான் பொருந்தும். என் குரலில் பல இடங்களில் ஒழுங்கான அதிர்வே இல்லை. சில இடங்களில் இரண்டு சுருதி ஒன்றாக ஒலிக்கிறது. இரு நாண்களும் இரு விதமாக அதிர்வதால் வருவது அது. அங்கே மென்பொருள் தரும் எண் ஏதோ ஒன்றாக இருக்கும், என் குரலாக இருக்காது. இங்கோ டைட்சே என்ற குரல் அறிவியலாளர் 1995-லேயே குரல் ஒலிகளை மூன்று வகையாகப் பிரித்து, முதல் வகைக்கு மட்டுமே இந்த அளவுகளை நம்பலாம் என்று சொல்லிவிட்டாராம். மோசமான குரலுக்குத்தான் அளவு அதிகம் தேவை. அந்த இடத்தில்தான் இந்த அளவு கைவிடுகிறது. தெரிந்தே பல இடங்களில் அந்த எண்களை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். தர மாட்டேன் என்று சொன்னவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அதற்குப் பதில் கெப்ஸ்ட்ரல் உச்சம் என்ற அளவைக் கொடுத்தார். தனித்தனி அதிர்வை எண்ணாமல், மொத்த ஒலியில் ஒழுங்கு எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்று பார்ப்பது அது. காற்று கூடக் கூட உச்சம் தாழும். நீட்டிய "ஆ"-வுக்கு மட்டுமல்ல, ஓடும் பேச்சுக்கும் பொருந்தும். இதையும் வேறு ஐந்து அளவுகளையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவதுதான் ஏ.வி.கியூ.ஐ.; 2010-இல் பெல்ஜியத்தில் மரீனும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்டது. மூன்று வினாடி "ஆ", ஒரு பத்திப் பேச்சு, இரண்டையும் ஒட்டிக் கணக்கிடுகிறது. 0-விலிருந்து 10, கூடினால் மோசம். எனக்கு 6-ஐத் தாண்டியது. எந்த எண்ணுக்கு மேல் பாதிப்பு என்ற எல்லைக்கோடு மொழிக்கு மொழி மாறுகிறது. அதனால் வேறு மொழிக்காரர் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஸ்ட்ரோபோஸ்கோபி பற்றி அதிகம் சொல்ல இல்லை. குரலின் சுருதிக்கேற்ப ஒளியை மினுக்கி, நாண்களின் அதிர்வை மெதுவாக ஓடுவதுபோலக் காட்டும் கருவி. குரலின் சுருதியைப் பிடிக்க முடியாததால் என் விஷயத்தில் ஒளி அடிக்கடி தடுமாறியது. ஆனாலும் இடது நாண் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது, எவ்வளவு மெலிந்து வளைந்திருக்கிறது என்று திரையில் நானே பார்த்தேன். பயப்பட வேண்டாம், அசௌகரியம்தான், வலி இல்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு நாண்களும் செயலிழந்தவர்களுக்கு இந்த மதிப்பெண்கள் நேர்மாறாகக் காட்டலாம். நாண்கள் இரண்டும் நடுவில் நெருங்கி நின்றுவிட்டால் குரல் கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கும், மூச்சுதான் போகாது. மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஓசை வந்தால் குரல் மதிப்பீட்டுக்கு நேரம் வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி அந்தக் குறை. என்னை அவர்கள் பார்த்தது காலையில், ஓய்வெடுத்த தொண்டையோடு, சத்தமே இல்லாத அறையில், சில நிமிடப் பேச்சில். அந்த நிலையில் மொத்தப் பாதிப்பு 2, அதாவது நடுத்தரம். நான் வாழ்வது அந்த நிலையில் இல்லை. மதியத்துக்குப் பிறகு குரல் கிசுகிசுப்பாகிவிடும், சில சமயம் தானாகவே மேல் சுருதிக்குத் தாவிக் குழந்தைக் குரல்போல ஒலிக்கும். என் கேள்வித்தாள் எண்ணும் அவர்கள் போட்ட மதிப்பெண்ணும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். நோயாளி மிகைப்படுத்துகிறார் என்று யாராவது முடிவு கட்டிவிட இடம் இருக்கிறது. அப்படி அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையை மட்டும் படிக்கும் என் மேலதிகாரிக்கு அப்படித் தோன்றலாம், விடுப்பும் வேலை மாற்றமும் அந்தத் தாளை நம்பித்தான் இருக்கிறது.

சொன்னதும் மறுக்கவில்லை. அடுத்த முறை சாயங்கால நேரம் கொடுத்து, அரை மணி நேரம் உரக்கப் படிக்க வைத்து, முன்னும் பின்னும் அளந்தார்கள். 6 வினாடியாக இருந்த "ஆ" 4-க்கு வந்தது. கெப்ஸ்ட்ரல் உச்சமும் இறங்கியது. இருவருமே மொத்தப் பாதிப்பு 3 என்று எழுதினார்கள். இரண்டு எண்களும் நேரத்தோடு சேர்த்து அறிக்கையில் இருக்கின்றன. கேட்டால் செய்கிறார்கள் என்பது நல்லது. கேட்காமலே செய்ய வேண்டும். நாண் செயலிழந்தவர்களின் முதல் புகாரே களைப்பு என்கிறபோது, களைத்த குரலைக் கேட்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

சிகிச்சையை முடிவு செய்ய இதெல்லாம் எப்படிப் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கழுத்தின் பக்கவாட்டில் விரலால் மெல்ல அழுத்திப் பேசச் சொன்னார் மருத்துவர். அழுத்தும்போது குரல் திரண்டு வந்தது. நாணை நடுவுக்குத் தள்ளினால் பலன் உண்டு என்பதற்கு அறிகுறி. ஆனால் நரம்பு தானாகத் துளிர்க்க ஒரு வருடம் வரைகூட ஆகலாம் என்பதால் நிரந்தர அறுவைக்கு அவசரப்படவில்லை. ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1970-களில் வகுத்த, குரல்வளைக் குருத்தெலும்பில் சன்னல் வெட்டிக் கட்டை வைத்து நாணைத் தள்ளும் முறை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இப்போதைக்குச் சில மாதங்களில் கரைந்துவிடும் ஹையலூரானிக் அமிலத்தை நாணில் ஊசியாக ஏற்றுவது என்று முடிவு. நரம்பில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கத் தொண்டைத் தசையில் மின் பரிசோதனையும் எழுதியிருக்கிறார். குரல் எவ்வளவு மோசம் என்பது ஒரு கேள்வி, நரம்பு திரும்புமா என்பது வேறு கேள்வி. மோசமான குரல் திரும்பி வரலாம், சுமாரான குரல் அப்படியே நின்றுவிடலாம்.

அறிக்கை நான்கு பக்கம். எழுத்து நடை சாதாரண ஆளுக்குப் புரியாது. அதை எளிய மொழியில் ஒரு பக்கமாகத் தந்தால் நன்றாக இருக்கும். ஒலிப்பதிவின் நகலைத் தானாகக் கொடுக்கவில்லை, கேட்டபின் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். நீங்களும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் வேறு ஊரில், வேறு ஆளிடம் காட்ட நேர்ந்தால் எண்களைவிட அந்தப் பதிவுதான் பேசும். வீட்டில் நீங்களே போனில் பதிவு செய்து வைப்பதாக இருந்தால் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், போனை எப்போதும் ஒரே தூரத்தில் வையுங்கள், அதே பத்தியையே படியுங்கள். ஊசி போட்ட பிறகு எனக்கு அடுத்த மதிப்பீடு இருக்கிறது. அதே மைக், அதே பத்தி, அதே இருவர், சாயங்கால நேரம் என்று கோப்பின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.